கோல்கீப்பராக ஆடியவர் பயிற்சியாளராவது எப்படி

2020 ஆகஸ்ட் 11 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில், பார்வையாளர்கள் இல்லாத அரங்கில், ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் ஐரோப்பா லீக் தொடரின் காலிறுதி ஆட்டமொன்று நடந்தது. 88ஆவது நிமிடத்தில் ஒகாம்போஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றதால், ஸ்பெயினின் செவில்லா அணி இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அணியை 1-0 என வென்றது. அடுத்த 10 நாட்களில் கோப்பையையும் கைப்பற்றியது. அன்று செவில்லாவின் பயிற்சியாளராக நின்றவர் ஹூலென் லோபெதெகி. எதிரணியின் பயிற்சியாளர் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ. இருவருமே தங்கள் ஆட்டக்காலம் முழுவதும் கோல்கீப்பராக இருந்தவர்கள் என்பது மட்டுமல்ல, இருவருமே போர்ச்சுகலின் புகழ்பெற்ற கோல்கீப்பர் வீட்டோர் பாயியாவுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரர்களாகக் காத்திருந்தவர்கள்: லோபெதெகி 1996-97 பருவத்தில் பார்சலோனாவில், நூனோ 2002 முதல் போர்ச்சுகலின் போர்ட்டோ அணியில். களத்தில் நின்று புகழ் பெற்ற பாயியா பிற்பாடு கிளப் நிர்வாகப் பொறுப்புகளுக்குப் போனார். அவருக்காகப் பெஞ்சில் அமர்ந்திருந்த இருவரும் பெரிய அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களானார்கள்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கோல்கீப்பராக ஆடியவர் பயிற்சியாளராக விரும்பினால் அவருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய செல்வம் காத்திருந்த நேரமே. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, கோல்கீப்பருக்கு இயல்பாகவே கிடைக்காத அறிவை எங்கிருந்து பெறுவது என்பவற்றை நூனோவின் பயணத்தை முதன்மையான சான்றாக வைத்து இங்கே விளக்குகிறேன். கல்லூரி அணியிலோ மாவட்ட லீக்கிலோ துறைசார் அணியிலோ கையுறை அணிந்து நிற்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பெஞ்சில் இருக்கும்போதே தொடங்குங்கள்

ஓர் அணியில் மாற்று முன்கள வீரருக்கு ஒவ்வொரு வாரமும் 20 நிமிடமாவது கிடைக்கக்கூடும். மாற்று கோல்கீப்பருக்கோ மாதக்கணக்கில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஆனால் எப்போது அழைப்பு வரும் என்று சொல்லவும் முடியாது. 2004 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில், ஐரோப்பிய, தென் அமெரிக்கக் கிளப் சாம்பியன்கள் மோதும் இண்டர்காண்டினென்டல் கோப்பை ஆட்டத்தில், கொலம்பியாவின் ஒன்ஸ் கால்தாஸ் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த பாயியாவுக்கு ஆட்டத்தின் பிற்பகுதியில் நெஞ்சுப் பகுதியில் உபாதை ஏற்பட, நூனோ களமிறங்கினார்; போர்ட்டோ பெனால்டி முறையில் 8-7 என வென்றது. ஆடாமல் இருந்தாலும் ஆட்டத்தைவிட்டு மனம் விலகாமல் இருக்கும் இந்தப் பழக்கம்தான் பயிற்சியாளருக்கு வேண்டிய முதல் பழக்கம்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இரண்டு வகையான குறிப்புகளை எழுதத் தொடங்குங்கள். முதலாவது, பயிற்சி நேரம் பற்றியது. எத்தனை பேர் ஆடினார்கள், எவ்வளவு நீள அகலத்தில் ஆடினார்கள், எத்தனை நிமிடம், என்ன விதி வைக்கப்பட்டது, பயிற்சியாளர் எந்தெந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தினார், அப்போது என்ன சொன்னார், அவர் சொன்னபின் ஆட்டத்தில் என்ன மாறியது என்று அன்றிரவே எழுதிவிட வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பயிற்சிகளின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் சேர்த்து வைக்கலாம்; எந்தச் சொல்லால் எந்த ஆட்டக்காரர் திருந்தினார், எந்தச் சொல்லால் முகம் சுருங்கினார் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் மட்டுமே எழுத முடியும்.

இரண்டாவது, போட்டி நாள் பற்றியது. 20ஆவது நிமிடத்தில் எதிரணி எந்தப் பக்கமாக அதிகம் வருகிறது, நம் அணியில் யாருக்கு உதவி தேவைப்படுகிறது என்று இரண்டே வரி எழுதுங்கள். 55ஆவது நிமிடத்தில், நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் யாரை வெளியே எடுத்து யாரை அனுப்புவீர்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள். பிறகு உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முடிந்து திருப்பிப் படிக்கும்போது உங்கள் கணிப்பு எங்கே தொடர்ந்து தவறுகிறது என்பது தெரியவரும். பெரும்பாலான கோல்கீப்பர்களுக்கு அது முன்களத்தில்தான் தவறும். அதற்குக் காரணம் இருக்கிறது.

கோலிலிருந்து தெரிவதும் தெரியாததும்

களத்தில் உள்ள 11 பேரில் தன் அணியின் மற்ற 10 பேரையும் எந்நேரமும் முன்னால் வைத்துப் பார்ப்பவர் கோல்கீப்பர் ஒருவரே. தற்காப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையே இடைவெளி விரிவதை அவர் முதலில் காண்பார். பந்து இடப்பக்கம் இருக்கும்போது வலப்பக்க டிஃபென்டர் உள்ளே சுருங்காமல் நிற்பதையும், திரும்பி ஓடி வர வேண்டியவர் நடந்து வருவதையும் அவர்தான் பார்ப்பார். அணி பந்தை இழந்த கணத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற சிந்தனை அவருக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். நூனோவின் அணிகள் ஒழுங்கான தற்காப்பு வரிசைக்கும் பந்து கிடைத்ததும் விரைந்து பாயும் எதிர்த்தாக்குதலுக்கும் பெயர் பெற்றவை என்பதை இதோடு சேர்த்தே நான் பார்க்கிறேன்.

ஆனால் நடுக்கள ஆட்டக்காரர் எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கும்போது, பின்னால் ஒருவர் மூச்சு முட்ட நெருங்கும்போது, அவருக்கு எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறது என்பது கோல்கீப்பரின் உடம்புக்குத் தெரியாது. அவர் எப்போதும் ஆட்டத்தை நேர்முகமாகப் பார்த்தே பழகியவர். மேலும், வாரத்தின் பயிற்சி நேரத்தில் கணிசமான பகுதியை அவர் மற்றவர்களிடமிருந்து விலகி, கோல்கீப்பர் பயிற்சியாளருடன் ஓர் ஓரத்தில் கழிக்கிறார். பந்தைப் பறிக்க அணி ஒன்றாக எதிரணிக்கு அழுத்தம் கொடுப்பது, முன்கள வீரர்கள் ஓடும் பாதைகளை மாற்றிக்கொள்வது போன்றவை கற்பிக்கப்படும்போது அவர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இந்தக் குறையை ஒப்புக்கொள்ளாத முன்னாள் கோல்கீப்பர், தற்காப்பை மட்டும் அழகாகக் கட்டிவிட்டு, கோல் அடிப்பதை ஆட்டக்காரர்களின் திறமையிடம் விட்டுவிடுகிற பயிற்சியாளராக முடிந்துவிடுவார்.

குறையைப் போக்க மூன்று வழிகள் உண்டு. சிறு ஆட்டங்கள் நடக்கும்போது, பயிற்சியாளரிடம் அனுமதி பெற்று, வாரத்தில் ஒருமுறையாவது நடுக்களத்தில் ஆடுங்கள். நன்றாக ஆட வேண்டும் என்பதில்லை, திணற வேண்டும் என்பதே நோக்கம். அடுத்து, உங்கள் அணியின் நடுக்கள வீரர் ஒருவரோடு அமர்ந்து ஒரே ஆட்டத்தின் காணொளியைப் பாருங்கள்; அவர் பந்தை வாங்குமுன் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்த்தார், ஏன் அந்தப் பக்கம் திரும்பினார் என்று கேளுங்கள். மூன்றாவதாக, ஆடாத நாட்களில் ஆட்டத்தைக் கோலுக்குப் பின்னாலிருந்து பார்க்காமல், மையக்கோட்டுக்கு நேராக உயரமான இடத்திலிருந்து பாருங்கள். பழகிய கோணத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியைச் சேர்ந்தவருமான பீட்டர் தங்கராஜ், தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடியவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் வளர்ந்த அவர் ஓய்வுக்குப் பின் பொகாரோவில் கால்பந்துப் பயிற்சிப் பணியில் ஈடுபட்டார். எதிர்முனையை அறிந்து கோலில் நிற்பவருக்குக் கிடைக்கும் பார்வை தனிதான்.

குரலை மாற்றிக்கொள்ளுங்கள்

கோல்கீப்பரின் மொழி கட்டளை மொழி. “வெளியே வா”, “விடு”, “என் பந்து” என்று அரை நொடியில் சொல்லி முடிக்க வேண்டிய சொற்கள் அவை, விளக்கத்துக்கு நேரமில்லை. அந்தக் குரலையே எல்லைக்கோட்டருகே கொண்டுபோய் 90 நிமிடமும் முழங்கினால், ஆட்டக்காரர்கள் தாமாக முடிவெடுப்பதை நிறுத்திவிட்டு உங்கள் குரலுக்காகக் காத்திருக்கத் தொடங்குவார்கள். ஒரு பயிற்சி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் ஆட்டத்தை நிறுத்துவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நிறுத்தும்போது, “நீ எதைப் பார்த்தாய்?” என்று முதலில் கேளுங்கள். பதிலைக் கேட்டபின் திருத்துங்கள். சிறுவர் அணிகளில் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது எளிது. பெரியவர்களிடம் நேரடியாகத் தொடங்கினால் தயக்கம் வரும்.

உரிமத்தை ஆடும்போதே வாங்குங்கள்

ஐரோப்பாவின் முதல்நிலைத் தொடர்களில் தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்ற ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் புரோ உரிமம் வேண்டும். ஆசியாவிலும் இதே வடிவில் சி, பி, ஏ, புரோ என்று படிகள் இருக்கின்றன. இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமத்தை முடித்துவிட்டு இந்தப் படிகளில் ஏறலாம். கோல்கீப்பர் பயிற்சிக்கென்றே தனி உரிமங்களும் இருக்கின்றன. இவ்விடத்தில் பலர் தவறு செய்கிறார்கள்: கோல்கீப்பர் உரிமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதுவே போதும் என்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, தலைமைப் பொறுப்புக்கு வாய்ப்பு வரும்போது தகுதி இல்லாமல் நிற்கிறார்கள். இரண்டு ஏணிகளிலும் ஏறுங்கள். நேரமோ பணமோ ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பொது உரிமத்தையே தேர்ந்தெடுங்கள்.

நூனோ ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2009இல், ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் லார்க்ஸ் என்ற கடற்கரை ஊரில் நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போனார். ஓய்வு பெற்றது 2010இல்தான். அந்த வகுப்பில் அவர் சந்தித்த ஸ்காட்லாந்து இளைஞர் இயன் காத்ரோ. பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்லர், சிறுவர்களுக்குப் பந்துத் திறன் கற்பிப்பதில் தேர்ந்தவர். பிறகு நூனோ தலைமைப் பயிற்சியாளரானபோது காத்ரோவைத் தன் துணையாக அழைத்துக்கொண்டார். தனக்கு இல்லாத அறிவு யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்கும் அந்த வகுப்பறை பயன்பட்டது. நீங்களும் வகுப்புக்குப் போகும்போது முன்னாள் கோல்கீப்பர்களோடு மட்டும் அமராதீர்கள்.

முதல் வேலை பெரும்பாலும் கோல்கீப்பர் பயிற்சியாளர் வேலையாகவே இருக்கும்

அதில் குறையொன்றும் இல்லை. நூனோவும் அப்படித்தான் தொடங்கினார். போர்ட்டோவில் தன்னைப் பயிற்றுவித்த ஜெசுவால்டோ ஃபெரெய்ரா 2010இல் ஸ்பெயினின் மலாகாவுக்குப் போனபோது கோல்கீப்பர் பயிற்சியாளராக உடன் சென்று, பிறகு கிரேக்கத்தின் பனாதினாய்கோஸ் அணிக்கும் அவரோடே போனார். உங்களை நன்கு அறிந்த, உங்கள் குறிப்புகளை மதிக்கக்கூடிய தலைமைப் பயிற்சியாளர் ஒருவருடன் முதல் சில ஆண்டுகளைக் கழிப்பது சம்பளத்தைவிட முக்கியம்.

ஆபத்து என்னவென்றால், அந்த வேலை உங்களை மறுபடியும் மைதானத்தின் ஓரத்துக்கே தள்ளிவிடக்கூடும். எனவே பொறுப்பேற்கும்போதே இரண்டு வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, எதிரணியின் கார்னர் மற்றும் ஃப்ரீ கிக் முறைகளை ஆராய்ந்து அணிக்கு விளக்குவது. கோல் பகுதிக்குள் வரும் பந்தைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அணியில் இருக்க வாய்ப்பில்லை என்பதால் யாரும் மறுக்கமாட்டார்கள், முழு அணியும் உங்கள் பேச்சைக் கேட்கும் நிலையும் உருவாகும். இன்னொன்று, கோலிலிருந்து ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் பயிற்சியை நடத்துவது.

இந்த இரண்டாவது வேலையின் மதிப்பு கடந்த சில பத்தாண்டுகளில் பெருமளவு உயர்ந்திருக்கிறது. 1992இல் சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி வந்தது. 2019இல் கோல் கிக்கின்போது பந்து பெனால்டி பகுதியைத் தாண்ட வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து கோல்கீப்பரைத் தாக்குதலின் முதல் ஆளாக்கிவிட்டன. பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். பெனால்டி பகுதியைப் போல் இரு மடங்கு நீளமுள்ள இடத்தை, அதாவது ஏறத்தாழ 33 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் முழு அளவு கோலும் கோல்கீப்பரும் இருக்கட்டும்; ஒவ்வோர் அணியிலும் ஆறு பேர். பந்து வெளியே போனால் எப்போதும் கோல்கீப்பரிடமிருந்தே தொடங்க வேண்டும். எதிரணியின் அழுத்தத்தைத் தாண்டி நான்கு பாஸ்களுக்குள் கோல் அடித்தால் இரண்டு புள்ளி; மற்ற கோலுக்கு ஒன்று. நான்கு நிமிட ஆட்டம், இரண்டு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. முதல் இரண்டு சுற்றில் பேசாதீர்கள். மூன்றாவதில், அழுத்தம் கொடுக்கும் முன்கள வீரரின் ஓட்டப் பாதையைப் பற்றி மட்டும் பேசுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத முனையைப் பற்றிப் பேச உங்களையே பழக்கும் பயிற்சி இது.

எல்லோரும் தலைமைப் பயிற்சியாளராக வேண்டும் என்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் ஹுக், வோலெண்டம் அணியில் கோல்கீப்பராக ஆடிவிட்டு, பல பத்தாண்டுகளாகக் கோல்கீப்பர் பயிற்சியாளராகவே அயாக்ஸ், பார்சலோனா, நெதர்லாந்து தேசிய அணி என்று உச்சியில் பணியாற்றியவர். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில், கோஸ்டாரிகாவுக்கு எதிரான கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்து தன் கோல்கீப்பர் சில்லெசனை வெளியே எடுத்து மாற்று கோல்கீப்பர் டிம் க்ருலை இறக்கியதும், க்ருல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து 4-3 என வெற்றி தேடித் தந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஹுக்கின் உழைப்பும் இருந்தது.

தலைமைப் பொறுப்பு: முதல் அணியும் முதல் தோல்வியும்

நூனோ முதலில் ஏற்றது ரியோ ஆவே என்ற சிறிய போர்ச்சுகல் அணியை, 2012இல். 2013-14 பருவத்தில் அந்த அணி நாட்டின் இரு கோப்பைத் தொடர்களிலும் இறுதிக்கு வந்து, இரண்டிலும் பென்ஃபிகாவிடம் தோற்றது. அதன்பின் ஸ்பெயினின் வேலன்சியா அணி அழைத்தது. முதல் பருவத்திலேயே 77 புள்ளிகளுடன் 4ஆம் இடம். 2017இல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலைத் தொடரில் இருந்த வுல்வர்ஹாம்ப்டனை ஏற்று, 99 புள்ளிகளுடன் முதலிடம் பெற்று மேலே கொண்டுவந்தார். அடுத்த இரு பருவங்களிலும் பிரீமியர் லீக்கில் 7ஆம் இடம். எதிர்பார்ப்பு குறைவாக உள்ள, ஆனால் நிர்வாகம் பொறுமையாக உள்ள இடத்தைத் தேடுங்கள் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அறிவுரை. ஒப்பந்தத்துக்கு முன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றால் என்ன செய்வீர்கள்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் தயக்கமே பதில்.

லோபெதெகியின் தொடக்கம் இதற்கு நேர்மாறானது. 2003இல் தான் முன்பு ஆடிய ராயோ வாயெகானோ அணியை ஏற்ற அவர் சில வாரங்களிலேயே நீக்கப்பட்டார். அடுத்த தலைமைப் பொறுப்பு ஐந்து ஆண்டுகள் கழித்து ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியில்தான் கிடைத்தது. பின்னர் ஸ்பெயினின் இளையோர் அணிகளுக்குப் போய், 2012இல் 19 வயதுக்குட்பட்டோருக்கும் 2013இல் 21 வயதுக்குட்பட்டோருக்குமான ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார். முதல் வேலை கைவிட்டுப் போனால் இளையோர் அணிக்குத் திரும்புவதைத் தாழ்வாக எண்ண வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நீக்கப்படுவது இந்தத் தொழிலில் கட்டாயம் வரும். 2021 ஆகஸ்டில் பிரீமியர் லீக்கின் அம்மாதச் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வான நூனோ, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று டோட்டன்ஹாமிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு சவூதியின் அல்-இத்திஹாத் அணியை 2023இல் லீக் சாம்பியனாக்கி, அங்கிருந்தும் நீக்கப்பட்டு, 2023 டிசம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தார். 2024-25 பருவத்தில் அந்த அணி 7ஆம் இடம் பிடித்து ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பியத் தொடருக்குத் தகுதி பெற்றது. நீக்கம் வந்த முதல் வாரத்திலேயே, கசப்பு அடங்குவதற்குக் காத்திராமல், எந்த முடிவுகள் உங்களுடையவை, எவை நிர்வாகத்தினுடையவை என்று பிரித்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் நினைவு உங்களுக்குச் சாதகமாக வளைந்துவிடும்.

கடைசியாக, உங்கள் சொந்தக் கோல்கீப்பர்களை நடத்தும் விதம். அவர்கள்மீது உங்கள் கண் தேவைக்கு அதிகமாகவே போகும். ஒவ்வொரு தவறிலும் நீங்களாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற நினைப்பு எழும். அவர்களின் அன்றாடப் பயிற்சியைக் கோல்கீப்பர் பயிற்சியாளரிடம் முழுமையாக விட்டுவிடுங்கள். அவர் கேட்டாலொழிய நுட்பத்தைத் திருத்தாதீர்கள். ஆனால் யார் ஆடப்போகிறார் என்ற முடிவை நீங்களே நேரில் சொல்லுங்கள். 2014இல் தன்னைப் பெனால்டிக்கு முன் வெளியே எடுக்கும் திட்டம் சில்லெசனுக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை. வெளியே வந்தவர் தண்ணீர்ப் போத்தலை எட்டி உதைத்தார், அணி வென்றதால் அது பெரிதாகவில்லை. ஆடாத கோல்கீப்பரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு, இடைவேளையில் அவரை அருகே அழைத்து, முதல் 45 நிமிடத்தில் அவர் கவனித்த இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முதல் சில வாரங்கள் அவர் தயங்குவார். தொடர்ந்து கேட்டால், நீங்கள் எல்லைக்கோட்டருகே நின்று தவறவிட்டதை அவர் பெஞ்சிலிருந்து எடுத்துத் தருவார்.